கடன் அட்டையும் இளையோரும்

பண்டத்துக்குப் பண்டம் மாற்றி மக்கள் வாழ்ந்த காலம் ஒன்று உண்டு. நெய்தல் நிலத்து உப்பு மருத நிலத்து நெல்லுக்கு மாறியது. பின்னர்ப் பொன்னும் வெள்ளியும் செம்பும் காசாயின. அதன்பின் அரசின் முத்திரை தாங்கிய தாள் பணமாயிற்று. இன்று உள்ளங்கையில் அடங்கும் நெகிழித் துண்டு ஒன்று, காசும் தாளும் செய்துவந்த வேலையைச் செய்கின்றது. அதனைக் கடன் அட்டை என்பர். கிரெடிட் கார்டு என்று வழங்குவாரும் உளர்.

இவ்வரிசையில் ஏனையவற்றுக்கும் கடன் அட்டைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. உப்பைக் கொடுத்தவனிடம் உப்பு இருந்தது. காசைக் கொடுத்தவனிடம் காசு இருந்தது. கடன் அட்டையை நீட்டுபவனிடமோ, நீட்டும் அவ்வேளையில் ஒன்றும் இருக்க வேண்டுவதில்லை. நாளை ஈட்டப்போகும் பொருளை இன்றே செலவிடும் உரிமையை அது அவனுக்கு அளிக்கின்றது. நாளை என்பது ஒருவன் இன்னும் காணாத நாள். காணாத நாளின் பொருளைக் கண்ட நாளில் செலவிடுவது வளர்ந்தார்க்கே அரிய கலை. பதின்மூன்று வயது முதல் பத்தொன்பது வயது வரை உள்ள இளையோர் கையில் அவ்வுரிமையை ஒப்படைக்கலாமா என்பது, இன்று பல நாடுகளில் பெற்றோரும் ஆசிரியரும் சட்டம் இயற்றுவோரும் எழுப்பும் வினா. இதற்கு விடை காணுமுன், அட்டை இயங்கும் முறையையும் அது வளர்ந்த வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

ஒருவர் கடையொன்றில் பொருள் வாங்கி அட்டையை நீட்டுகின்றார். விலையை வங்கி கடைக்காரருக்குச் செலுத்துகின்றது; அதில் ஒரு சிறு பகுதியைக் கட்டணமாகக் கழித்துக்கொள்கின்றது. மாதத்துக்கு ஒரு முறை, வாங்கிய பொருள்களின் கணக்கை வாங்கியவருக்கு அனுப்புகின்றது. குறித்த நாளுக்குள் முழுத் தொகையையும் செலுத்திவிட்டால் வட்டி இல்லை. செலுத்தாது போனாலோ, நிலுவைக்கு வட்டி ஏறும். நிலுவை தீரும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத் தவணை கிடையாது. ஆதலின், முழுக் கணக்கையும் தவறாமல் தீர்ப்பவருக்கு அட்டை நல்ல ஏவலாள். தீர்க்க இயலாதவருக்கு அதுவே தலைவனாகிவிடும்.

இவ்வட்டையின் வரலாறு அமெரிக்க நாட்டில் தொடங்குகின்றது. 1950-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் டைனர்ஸ் கிளப் என்னும் நிறுவனம், பல உணவகங்களில் காட்டி உண்ணத்தக்க அட்டை ஒன்றை வெளியிட்டது. அதன் கணக்கை மாதந்தோறும் முழுமையாகத் தீர்த்தல் வேண்டும். எட்டாண்டுகள் கழிந்தன. 1958-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், கலிபோர்னியா மாநிலத்துப் பிரெஸ்னோ நகரில், பாங்க் ஆப் அமெரிக்கா என்னும் வங்கி ஏறத்தாழ 60,000 பேருக்கு அஞ்சல் வழியாகக் கடன் அட்டைகளை அனுப்பியது. அவர்களுள் எவரும் அவற்றைக் கேட்கவில்லை. கேளாமலே வந்த அட்டையைக் கொண்டு கடைக்குச் சென்று பொருள் வாங்கலாம். கடனைச் சிறிது சிறிதாகத் தீர்க்கலாம். தீராத பகுதிக்கு வட்டி தரவேண்டும். இதுவே பின்னாளில், 1976-ஆம் ஆண்டில், விசா என்னும் பெயர் பெற்று உலகெங்கும் பரவிய அட்டை.

கேளாமல் கொடுத்த கடனின் விளைவு விரைவில் புலனாயிற்று. நூற்றுக்கு நால்வர் தவணை தவறுவர் என்று வங்கி கணித்திருந்தது. நூற்றுக்கு இருபத்திருவர் தவறினர். திருடர் கையில் சிக்கிய அட்டைகளும் பல. வங்கி பெரும்பொருள் இழந்தது. எனினும் ஏனைய வங்கிகளும் அவ்வழியையே பின்பற்றின. இறுதியில் 1970-ஆம் ஆண்டில், கேளாதவர்க்குக் கடன் அட்டை அனுப்புதல் கூடாது என்று அமெரிக்க நாட்டுச் சட்டம் தடை செய்தது.

அஞ்சல் பெட்டி அடைபட்டது. ஆயின் கல்லூரி வாயில் திறந்திருந்தது. 1971-ஆம் ஆண்டில் அந்நாட்டில் வாக்குரிமை வயது பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. அதனையொட்டிப் பல மாநிலங்கள், ஒப்பந்தம் செய்தற்குரிய வயதையும் இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைத்தன. வீட்டை விட்டு முதன்முறையாக வெளியே வந்து, விடுதியில் தங்கிப் பயிலும் பதினெட்டு வயது மாணவன் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் தகுதி பெற்றான். நாளடைவில் அட்டை நிறுவனங்கள் கல்லூரி வளாகங்களில் மேசை இட்டு அமர்ந்தன. விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட மாணவனுக்குப் பனியன், தொப்பி முதலியன இலவசமாகக் கிடைத்தன. வருவாய் என்ன, எவ்வாறு திருப்பித் தருவாய் என்று எவரும் உசாவியதில்லை. மாணவன் தீர்க்காவிடினும் பெற்றோர் தீர்ப்பர் என்னும் நம்பிக்கையே கடன் கொடுத்தார்க்கு ஈடாக இருந்தது. பனியன் சில மாதங்களில் கிழிந்தது. கடனோ பட்டம் பெற்ற பின்னரும் தொடர்ந்தது.

இந்நிலையை மாற்ற 2009-ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு அட்டை வழங்க வேண்டுமாயின், அவர் தாமே கடனைத் தீர்க்கும் வருவாய் உடையவர் என்பதைக் காட்டுதல் வேண்டும். இல்லையேல் இருபத்தொரு வயது நிரம்பிய ஒருவர் உடன் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்றல் வேண்டும். கல்லூரி வளாகத்திலும் அதன் அருகிலும் பொருள் கொடுத்து மாணவரை ஈர்த்தலும் விலக்கப்பட்டது. இவ்விதிகள் 2010-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தன. ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. இளைஞனுக்கு அட்டையே கூடாது என்று அச்சட்டம் கூறவில்லை. இக்கடனைத் தீர்ப்பவர் யார் என்னும் ஒரு வினாவையே அது எழுப்பியது. அவ்வினாவுக்கு விடை உண்டெனில் அட்டை உண்டு. விடை இல்லையெனில் அட்டை இல்லை.

இளையோருக்கு அட்டை வேண்டும் என்பார் கூறும் காரணங்களையும் நடுநிலையோடு கேட்டல் அறம். நீந்தக் கற்பவன் நீரில் இறங்கியே ஆகவேண்டும். கரையில் நின்று கைகளை அசைத்து எவனும் நீச்சல் கற்றதில்லை. அவ்வாறே, பெற்றோர் அருகில் இருக்கும் காலத்திலேயே சிறிய வரம்புள்ள அட்டையைக் கையாண்டு, மாதக் கணக்கைத் தானே பார்த்துத் தீர்த்துப் பழகிய பிள்ளை, பின்னாளில் பெரிய கணக்கிலும் தடுமாறான் என்பர். வெளியூரில் பயிலும் பிள்ளைக்கு நோயோ இடரோ நேர்ந்தால் உடனே உதவும் என்பர். கடனைக் காலந்தவறாது தீர்த்தவர் என்னும் நற்பெயர் இளமையிலேயே அமைந்தால், பிற்காலத்தில் வீட்டுக்கடன் முதலியன எளிதிற் கிட்டும் என்பர். பதினெட்டு வயதில் நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உடையவனை, ஓர் அட்டையை ஆளத் தகுதியற்றவன் என்று கூறுதல் முறையோ என்றும் வினவுவர். இவை புறக்கணிக்கத்தக்க சொற்கள் அல்ல.

எனினும், நீச்சல் கற்பிப்பவர் ஆழமற்ற நீரில் தொடங்குவரேயன்றிச் சுழலில் தொடங்கார். கடன் அட்டை ஆழமற்ற நீரா என்பதே ஆராயத்தக்கது.

தமிழ்நாட்டு ஊர்களில் மளிகைக் கடைப் பற்று என்பது நெடுங்கால வழக்கம். தந்தை கூறியனுப்ப, சிறுவன் ஒருவன் பற்றுப் புத்தகத்தைக் கையில் ஏந்திக் கடைக்குச் செல்வான். புளியும் பருப்பும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு, தந்தையின் கணக்கில் எழுதச் சொல்வான். மாதம் பிறந்ததும் தந்தை கணக்கைத் தீர்ப்பார். இதுவும் இளையோன் கையாண்ட கடனே. ஆயின் அக்கடனுக்கு ஒரு காவல் இருந்தது. சிறுவன் வழக்கத்துக்கு மாறாக மிட்டாயும் பந்தும் கேட்டால், கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்ப்பார். "அப்பா சொன்னாரா?" என்று கேட்பார். ஐயம் தீரவில்லையெனில், மாலையில் தந்தையிடமே கூறிவிடுவார். பற்று மிகுந்தால், பழையதைத் தீர்த்தபின் புதியதை வாங்கலாம் என்று நயமாக நிறுத்துவார். கடன் கொடுத்தவரே கடனுக்கு அணையாகவும் நின்றார்.

கடன் அட்டைக்கு அத்தகைய கண்ணும் இல்லை, வாயும் இல்லை. நள்ளிரவில் கைப்பேசியின் திரையில் ஒரு புள்ளியைத் தொட்டாலும் அது மறுப்பதில்லை. வரம்பு தீரும்வரை எதற்கென்று கேட்பதில்லை. மேலும், கடைக்காரருக்குப் பற்று நாட்பட்டு நிற்றல் இழப்பு. வங்கிக்கோ நிலுவை நாட்பட்டு நிற்றல் வட்டி வருவாய். ஆதலின் பழைய பற்றில் இருந்த அணை, புதிய அட்டையில் மதகாக மாறிவிட்டது. பற்றுப் புத்தகத்தைத் தந்த வழக்கம் பிள்ளைக்குப் பொறுப்பைக் கற்பித்தது என்பது உண்மை. அதனால் அட்டையும் அவ்வாறே கற்பிக்கும் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது.

கையிலிருந்து காசு நீங்கும்போது மனத்தில் சிறிதேனும் நோவு தோன்றும். அந்நோவே சிக்கனத்தின் முதல் ஆசான். அட்டை அந்நோவை மரத்துப்போகச் செய்கின்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பிரெலெக், சிமெஸ்டர் என்னும் இருவர் இதனை ஆராய்ந்து 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். விளையாட்டுப் போட்டிக்குரிய அனுமதிச் சீட்டை மாணவர்கள் முன் ஏலத்துக்கு வைத்தனர். ஒரு சாராரிடம் விலையைப் பணமாகத் தரவேண்டும் என்றனர். மற்றொரு சாராரிடம் கடன் அட்டையால் தரவேண்டும் என்றனர். சீட்டு ஒன்றே, ஆயினும் அட்டையால் தரவேண்டியவர்கள் ஏறத்தாழ இரு மடங்கு விலை கேட்டனர். பொருளின் மதிப்பு மாறவில்லை. கொடுக்கும் கருவி மாறியதும் மனத்தின் அளவுகோல் மாறிவிட்டது. அவர்கள் மேலாண்மைக் கல்வி பயிலும் வளர்ந்த மாணவர்கள். அவர்கள் நிலையே இஃதாயின், ஆசையை அடக்கிப் பின்விளைவை எண்ணும் ஆற்றல் இன்னும் முதிர்ந்துவரும் பருவத்தார் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

அட்டையின் மற்றொரு பொறி, "குறைந்த அளவுத் தொகை" என்று கணக்கில் காணப்படும் சிறிய எண். முழுக் கடனையும் செலுத்த இயலாதவர் அச்சிறு தொகையைச் செலுத்தினால் போதும் என்று அது கூறுவதுபோல் தோன்றும். அதன் உண்மையைக் கணக்கிட்டுக் காண்போம். ஒருவன் ரூ.20,000 கடன்பட்டான் என்றும், வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு மூன்றரை என்றும், குறைந்த அளவு நிலுவையில் நூற்றுக்கு ஐந்து என்றும் கொள்வோம். முதல் மாத வட்டி ரூ.700. நிலுவை ரூ.20,700. அதில் நூற்றுக்கு ஐந்தாக அவன் செலுத்துவது ரூ.1,035. எஞ்சியது ரூ.19,665. அஃதாவது, ஆயிரத்து முப்பத்தைந்து ரூபாய் கொடுத்தும் கடனில் குறைந்தது ரூ.335 மட்டுமே.

இவ்வாறே அவன் மாதந்தவறாமல் செலுத்தி வருகின்றான். புதிதாக ஒரு காசும் கடன்படவில்லை. ஓராண்டு முடிவில் ஏறத்தாழ ரூ.11,300 செலுத்தியிருப்பான், கடன் ரூ.16,300 அளவில் நிற்கும். ஈராண்டு முடிவில் ரூ.20,600 அளவு செலுத்தியிருப்பான். வாங்கிய கடன் முழுவதையும் விஞ்சிய தொகை அது. எனினும் இன்னும் ரூ.13,300 அளவு கடன் எஞ்சி நிற்கும்! அதே மனிதன் மாதந்தோறும் ரூ.2,000 செலுத்துவதெனத் துணிந்திருப்பின், பதின்மூன்றாம் மாதத்தில் கடன் முழுதும் தீரும்; அவன் செலுத்திய மொத்தத் தொகையும் ரூ.25,000-ஐ ஒட்டியே நிற்கும். இக்கணக்கில் தாமதக் கட்டணமும் வரியும் சேர்க்கப்படவில்லை என்பதையும் நினைவிற் கொள்க. எட்டாம் வகுப்பில் கூட்டுவட்டி பயின்ற மாணவன் இதனைத் தானே தாளில் எழுதிச் சரிபார்க்கலாம். தேர்வில் அக்கணக்கைத் தவறவிட்டால் சில மதிப்பெண் போகும். வாழ்வில் தவறவிட்டால் சில ஆண்டுகள் போகும்.

இந்திய நாட்டுச் சட்டம் இதில் எந்நிலையில் நிற்கின்றது என்பதும் அறியத்தக்கது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், உரிய வயது அடையாதவர் ஒப்பந்தம் செய்யும் தகுதியுடையவர் அல்லர் என்கின்றது. அவ்வயது பொதுவாகப் பதினெட்டு. இச்சட்டத்தின் வலிமையை ஒரு பழைய வழக்கு விளக்கும். கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்னும் இளைஞர், வயது நிரம்புமுன்னரே, 1895-ஆம் ஆண்டில் தம் சொத்தை ரூ.20,000-க்கு அடகு வைத்து ஆவணம் எழுதிக் கொடுத்தார். அவர் வயது நிரம்பாதவர் என்னும் செய்தி, கடன் கொடுத்தவரின் முகவருக்கு முன்னரே எட்டியிருந்தது. வழக்கு இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1903-ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது: வயது நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. அறியாப் பருவத்தாரிடம் கடன் ஒப்பந்தம் எழுதி வாங்குபவர் தம் பொருளைத் தாமே நீரில் எறிந்தவராவர் என்பதே அதன் பயன்.

ஆதலின் இந்தியாவில் பதினெட்டு நிரம்பாதவர் தம் பொறுப்பில் கடன் அட்டை பெறுதல் இயலாது. பெற்றோரின் கணக்கில் துணை அட்டை பெறும் வழக்கம் உண்டு. ஆயின் அதன் கடனுக்குப் பொறுப்பு முதன்மை அட்டை உடையவரையே சாரும். பிள்ளை செலவிட்டது பெற்றோரின் கடன். தவணை தவறினால் கெடுவதும் பெற்றோரின் நற்பெயர். கேளாதவர்க்கு அட்டை வழங்குதலையும் இந்திய ரிசர்வ் வங்கி விலக்கியுள்ளது. கேளாத அட்டைக்குக் கட்டணம் விதித்த வங்கி, அதனை நீக்குவதோடு அதன் இரு மடங்கைத் தண்டமாகவும் தரவேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் அதன் ஆணை கூறுகின்றது.

அவ்வாறாயின் இளையோர் பணத்தைக் கையாளும் கலையை எங்ஙனம் கற்பது? அதற்கும் ஒரு வழி உண்டு. பத்து வயது நிரம்பிய சிறுவரும் சிறுமியரும் தாமே சேமிப்புக் கணக்குத் தொடங்கி நடத்த, வங்கிகள் தம் வரம்புக்கு உட்பட்டு இடமளிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி கூறியுள்ளது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த ஆணை, அக்கணக்குக்கு ஏ.டி.எம். அட்டை வழங்கவும் இசைகின்றது. ஆயின் ஒரு நிபந்தனை உண்டு: கணக்கில் எப்பொழுதும் இருப்பு இருத்தல் வேண்டும், இருப்புக்கு மேல் ஒரு ரூபாயும் எடுத்தல் கூடாது. அட்டையை நீட்டும் பழக்கம் வரும். கணக்கு எழுதும் பழக்கம் வரும். இருப்பு குறைவதைக் காணும் நோவும் வரும். தவறினால் போவது தான் சேர்த்த பணமே. வராத நாளின் பணம் அன்று. ஆழமற்ற நீர் என்பது இதுவே.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கும்போது ஒரு முடிவு தெளிவாகின்றது. சிக்கல் வயதில் மட்டும் இல்லை. பதினேழு ஆண்டு பதினொரு திங்கள் வரை அறியாதவனாக இருந்தவன், பிறந்தநாள் விடிந்ததும் அறிஞனாகி விடுவதில்லை. பத்தொன்பது வயதில் உழைத்து ஊதியம் பெறும் தொழிலாளி ஒருவனும், அதே வயதில் தந்தையின் பொருளால் பயிலும் மாணவன் ஒருவனும் கடனைப் பொறுத்தவரை ஒப்பானவர் அல்லர். முன்னவனுக்கு அட்டை ஒரு கருவியாகலாம். பின்னவனுக்கு அது பிறர் தோளில் ஏற்றும் சுமை. தன் வருவாய் இன்னதென அறிந்து, தன் செலவைத் தானே எழுதி, மாதக் கணக்கு முழுவதையும் தன் ஊதியத்தால் தீர்க்க வல்லவன் எவனோ அவனே கடன் அட்டைக்கு உரியவன். அத்தகுதி விடலைப் பருவத்தில் மிகச் சிலர்க்கே வாய்க்கும். ஏனையோர் இருப்புக்குள் செலவிட்டுப் பழகுதலே சால்பு. விரலுக்குத் தக்க வீக்கம் என்று முதியோர் கூறியது வெறும் கருமித்தனத்தின் சொல் அன்று.

தமிழ்நாட்டு இல்லங்களில் ஓர் இனிய வழக்கம் உண்டு. வேலைக்குச் சென்ற மகனோ மகளோ முதல் மாத ஊதியத்தைக் கொணர்ந்து தாயின் கையில் வைப்பர். அத்தாள்களின் மதிப்பு அவற்றில் அச்சிட்ட எண்ணுக்கு அப்பாற்பட்டது. பல்லாண்டுப் பாடுபட்ட பெற்றோர்க்கு அஃது ஒரு விழா. மாணவப் பருவத்தில் அணிகலனுக்கும் கைப்பேசிக்கும் கேளிக்கைக்கும் கடன்பட்டவனுக்கு அவ்விழா இல்லை. அவன் ஊதியம் இல்லம் புகுமுன்னரே வழியில் நின்று வாங்கிக்கொள்ளக் கடன் காத்திருக்கும். இளமையின் செல்வம், இன்னும் செலவிடப்படாத எதிர்காலமே. அதனைத் தாம் ஈட்டுமுன் விற்றுவிடாது காத்துக்கொள்வாரே தம் உழைப்பின் முதற்பயனைத் தாமே நுகர்வர். தம்மைப் பெற்றோர்க்கும் அளிப்பர்.